அந்தோணியம்மாளின் டெலிபோன்

சாந்தோம் குப்பத்தில் மீன் விற்ற அந்தோணியம்மாள் எங்கள் வரி ஆபீசுக்கு மூன்றே முறைதான் வந்தாள். மூன்றுக்கும் காரணம் நான்தான்.

தொண்ணூற்றெட்டில் நான் அங்கே குமாஸ்தா. போன் வைத்திருப்பவர்கள் வருமானக் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வரி கட்டுகிறவர்கள் சொற்பம், எப்படியாவது ஆள் கணக்கைக் கூட்டு என்று மேலிடத்து உத்தரவு. டெலிபோன் டைரக்டரியைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் பார்த்து நோட்டீஸ் எழுதித் தள்ளினோம். தி. நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடைக்காரருக்கு நோட்டீஸ் போகவில்லை. கடையில் ஆறு போன், ஒன்றுகூட அவர் பெயரில் இல்லை. அந்தோணியம்மாளுக்குப் போனது.

புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது மகன் தேசப்பன் ஒருவன்தான். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. கரையில் இறங்கும்போதெல்லாம் அம்மாவோடு பேசவென்று, மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிக் கொடுத்த போன் அது.

நோட்டீசைப் படித்துக் காட்டிய யாரோ அபராதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் போனையே துண்டில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இத்த வாங்கிக்கோ சார். எம் பேர அடிச்சிடு."

"நீ பணமே கட்ட வேண்டாம்மா. வருமானம் இவ்வளவுதான்னு பாரத்துல எழுதிக் கையெழுத்து போட்டா போதும்."

"கையெழுத்தா? எம் புருசன் இன்னா ஏதுன்னு கேக்காம ஒரு பேப்பர்ல போட்டாரு, படகு பூட்ச்சு. நான் போட மாட்டேன் சார்."

உட்காரவைத்துப் புரியும்படி சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மேஜை நிறைய நோட்டீஸ் கட்டு, எனக்குப் பசி வேறு. "அப்ப போன் ஆபீசுல போய் சரண்டர் பண்ணு. இங்க வந்து ஏன் உயிரை எடுக்கற?" என்று எரிந்து விழுந்தேன்.

அப்படியே செய்தாள். மறுவாரம் அந்த ரசீதைக் கொண்டுவந்து காட்டினாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. இனி போன் இல்லை என்று மகனுக்குக் கடுதாசி போட்டாயிற்றாம். நானும் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். அந்த வருஷம் எங்கள் செக்‌ஷன் நாலாயிரம் நோட்டீஸ் அனுப்பியது. வந்த வரி தபால் செலவுக்குக்கூடக் காணவில்லை. ஆனாலும் எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, வெட்கக்கேடு.

மூன்றாவது முறை அவள் வந்தது ஆகஸ்டில். கையில் தேசப்பனோடு வேலை பார்த்தவன் எழுதிய கடிதம். காய்ச்சல் கண்டு, ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து தேசப்பன் செத்துப்போயிருந்தான். அம்மா போட்ட கடுதாசி அவன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. "அம்மாகிட்ட பேசணும் பேசணும்னே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கொடுத்த நம்பருக்கு நாலு நாள் போட்டோம். யாரோ எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தது.

படித்து முடித்து, கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தேன். அவள் அழவில்லை.

"அன்னிக்கு நான் கையெழுத்து போட்டிருந்தா போன் என்னாண்டயே இருந்திருக்குமா சார்?"

"இல்லம்மா, எப்படியும் புடுங்கியிருப்பாங்க" என்றேன்.

அதை நம்பி, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.