மடுல்சீமையில் பரவிய கால் எரிச்சல்

எனக்குத் தூரம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இனி மாதாமாதம் துணி அலசும் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டவள்தான் நான். அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. அந்த இடம் காய்ந்துபோய், நடந்தாலே உராய்ந்து எரிந்தது. மூத்திரம் வேறு முட்டிக்கொண்டே இருக்கும். போனால் நாலு சொட்டு, அதுவும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி.

தேயிலைக் கொழுந்து எடுக்கிற நிரையை விட்டு ஒருத்தி எத்தனை தடவைதான் ஒதுங்கப் போக முடியும்? கங்காணி விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். "என்னா, மகாராணி மறுபடியும் பவனி கெளம்பியாச்சா?" என்று மலை முழுக்கக் கேட்கக் கத்துவார். இப்படியே போனால் கொழுந்திலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். எரிகிற இடத்தை வைத்துக்கொண்டு நாள் பூராவும் குந்தியிருந்து புல் வெட்டுவதா? நல்ல கதை!

தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் போனேன். எந்த நோய்க்கும் விளக்கெண்ணெய் ஊற்றுகிற மனுஷன்.

"என்னா செய்யிது?"

"கீழ எரியுதுங்கய்யா."

ஐயா உடனே குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். அட ஆண்டவரே! நான் வாய் திறப்பதற்குள், "வெடிப்பு. வெறுங்கால்ல நடந்தா எரியாம என்னா செய்யும்?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் உருக்கி அவரே காய்ச்சிய களிம்பை ஒரு தகர டப்பாவில் தந்தார். "காலையும் மாலையும் கழுவித் தொடச்சிட்டுப் பூசு" என்றார்.

சரிங்கய்யா என்றேன். இடத்தை மட்டும் நானே திருத்திக்கொண்டேன்.

பத்து நாளில் எரிச்சல் அடங்கியது. முட்டல் முழுசாக நிற்கவில்லை என்றாலும் நிரையை முடித்துவிட்டே இறங்க முடிந்தது. கங்காணியின் விரல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒரே ஒருத்தியிடம்தான் இதைச் சொன்னேன். அடுத்த வாரம் தோட்டத்தில் தூரம் நின்ற பெண்கள் அத்தனை பேரும் மருந்து வாங்க நின்றார்கள். எல்லோருக்கும் கால் எரிச்சல்! ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் களிம்பின் பெருமையைத் துரையிடம் அளக்கப் போனார். துரையோ ஏதோ தொற்று என்று பயந்து, பெண்களின் கால்களைச் சோதிக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரிக்கும் முன்னால், எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஐயா குதிரைக்கு லாடம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு காலிலும் களிம்பு பட்ட அடையாளம் இல்லை.

"பொய்க்காரிங்க! ஒருத்திக்கும் இனிக் களிம்பு கெடையாது!"

பக்கத்தில் கங்காணி பல்லை இளித்துக்கொண்டு நின்றார். முகத்துக்கு நேரே இடத்தைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் என்மேலேயே இருக்கிறது.

நாலாம் நாள் டப்பா காலி. எரிச்சல் திரும்பியது, நானும் நிரையை விட்டு இறங்கினேன். "திங்கக்கெழமையிலேருந்து புல்லு வெட்டுதான்" என்றார் கங்காணி.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மருந்துக்கார ஐயாவின் சம்சாரம் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தோட்டத்திலேயே வெறுங்காலில் நடக்காமல் சப்பாத்து போட்டு நடக்கிற ஒரே தமிழ் அம்மா. அதனால் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நாங்கள் பேசாத நாளில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஐயா காய்ச்சி வைத்திருந்த களிம்பு ஜாடியையே எடுத்து என் கையில் வைத்தார்.

"நீ வச்சிக்க. கேட்டா ஒடஞ்சி போச்சின்னு சொல்லிக்கிறேன்."

"ஐயோ, எதுக்கும்மா இதெல்லாம்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிப் பூசுறதுன்னு எனக்கும் சொல்லு. அஞ்சு வருசமா கீழ எரியுது. அவருகிட்டயும் ரெண்டு தரம் சொல்லிப் பாத்தேன். சப்பாத்து வாங்கிக் குடுத்தாரு."