அக்கரைக்குப் போன குரல்

மலை மேலுள்ள குண்டனி நாட்டில் கண்ணாயியை முகம் பார்த்து அறிந்தவர்களைவிடக் குரல் கேட்டு அறிந்தவர்கள்தான் அதிகம். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், புருஷன் செங்கோட்டையன் பங்காளிகள் குடியிருந்த ஊரை விட்டு, ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் காடு திருத்திச் சாமை விதைத்தான். அங்கேயே வீடும் கட்டிக்கொண்டான். ஊரும் அவர்கள் வீடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருந்தன. யார் வீட்டுக் கூரையில் புகை வருகிறது என்பதுகூடத் தெரியும். ஆனால் இங்கிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, அங்கே ஏறுவதற்குள் காலையில் குடித்த கூழ் செரித்துவிடும். அதனால் எதுவானாலும் பாறை மேல் நின்று கூவித்தான் சொல்ல வேண்டும்.

கூவுகிறவர் என்ன சொல்கிறார் என்பது அக்கரைக்குப் போய்ச் சேராது. சொற்களையெல்லாம் ஓடையின் இரைச்சலும் காற்றும் தின்றுவிடும். குரலின் ஏற்றமும் இழுப்பும் இறக்கமும்தான் போகும். அதுவே போதுமானதாக இருந்தது. அறுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் குரல் வெட்டி வெட்டிப் போய் மேலே முடியும். மாட்டைக் கூப்பிட்டால் ஒரு குழைவு இருக்கும். சாவு என்றால் உச்சியில் தொடங்கி, நீண்டு, இறங்கி, கடைசியில் உடையும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சாவு வீட்டில் நிற்கிறவர் கூவினால் அப்படித்தான் வரும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

கண்ணாயியின் குரல் எதையும் ஒளித்து வைக்காது. செவலைப் பசுவை அவள் கூப்பிடுகிற விதத்தை வைத்தே, இன்றைக்குப் புருஷனோடு சண்டை என்று அக்கரைப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். சந்தைக்கு இறங்கும் வழியில் செங்கோட்டையனின் தம்பி செல்லமுத்து அவளை விடமாட்டான்.

"ஏனுங்க நங்கை, நேத்து நீங்க திட்டுனது செவலையவா, எங்கண்ணனையா?"

அண்ணன் பெண்டாட்டியை அங்கே நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாயியும் சளைக்க மாட்டாள். "ரெண்டும் ஒண்ணுதானுங்க தம்பி. கூப்புட்டா எது வருது?" என்பாள்.

ஜப்பான்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் செங்கோட்டையனுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அதற்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை மலைக்குக் கீழேயும் கிடைக்கவில்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். குளிரில் அவன் உடம்பு தூக்கிப் போடும்போதெல்லாம் கண்ணாயி அவன் மேலே படுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பல நாள் போயிற்று. குழந்தை குட்டி இல்லை. ஊருக்குக் கூவி யாரையாவது துணைக்கு வரச் சொல்லியிருக்கலாம். சாமை முற்றிக் கிடக்கிற நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யாதே என்று செங்கோட்டையனே தடுத்துவிட்டான்.

ஒரு நாள் வெயில் ஏறும் நேரத்தில் அவன் போய்விட்டான்.

கண்ணாயிக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை. பசித்தது. இப்போது போய்ப் பசிக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் நிற்காமல் போய்விட்டது. அவன் தாடையைத் துணியால் கட்டி, கைகளை நேராக்கி வைத்துவிட்டுப் பாறைக்குப் போனாள்.

"உங்க அண்ணன் செத்துட்டாருங்க தம்பீ!" என்று கூவினாள்.

குரல் கணீரென்று, வெட்டி வெட்டிப் போயிற்று. அது அவளுக்கே கேட்டது. இது அறுப்புக் குரலாச்சே என்று நினைத்தாள். இன்னொரு முறை, வேண்டுமென்றே இழுத்துக் கூவிப் பார்த்தாள். இழுத்தால் பொய் போல இருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். அக்கரையில் செல்லமுத்து கையை ஆட்டுவது தெரிந்தது. வாரோம் என்கிற பதில் கூவலும் வந்தது. உற்சாகமான கூவல். சாமை அறுக்கக் கூப்பிடுகிறாள், நம் காட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

பிணத்தைத் தனியே விட்டுவிட்டு அவள் இறங்கிப் போக முடியாது. நரி நடமாடும் இடம். உச்சிப்பொழுது வந்தது, பொழுதும் சாய்ந்தது. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரோம் என்றார்கள், வருவார்கள் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. நடுவில் எழுந்து போய்ச் சட்டியில் இருந்த கூழைக் குடித்தாள்.

மறுநாள் காலையில்தான் வந்தார்கள். அரிவாளும் கையுமாக, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு, சிரித்தபடி ஏறி வந்தார்கள். "எங்கீங்க எங்கண்ணன்? இன்னும் எந்திரிக்கலையா?" என்று செல்லமுத்து உள்ளே தலையை நீட்டினான்.

பிணம் அதற்கு மேல் தாங்காது. மேளத்துக்குச் சொல்லவோ மற்ற ஊர்ப் பங்காளிகளுக்கு ஆள் அனுப்பவோ நேரமில்லை. கிடைத்த இடத்தில் குழி வெட்டி, அவசர அவசரமாகப் புதைத்தார்கள். மண்ணைத் தள்ளி முடித்த பிறகு செல்லமுத்து அவளிடம் வந்தான். எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவன் அன்று அப்படிப் பேசவில்லை.

"சாவுக்குக் கூப்புடற கொரலா அது? அறுப்புக்குக் கூப்புட்டாப்பல கூப்புட்டயே! நான் சிரிச்சுக்கிட்டு வந்தேன். எங்கண்ணன் பொணத்துக்கு நான் சிரிச்சுக்கிட்டு வந்தேன்."

"செத்துட்டாருன்னுதானுங்க சொன்னேன்" என்றாள் கண்ணாயி. அதுவும் அதே குரலில் வந்தது.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்று அவன் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டான்.

ஊர் கேட்டது. ஊருக்கென்ன, மெல்லுவதற்கு ஒன்று கிடைத்தது. அழாத பெண்டாட்டி என்றார்கள். காய்ச்சல் கண்டதை ஏன் மறைத்தாள் என்றார்கள். ராத்திரி முழுக்கப் பிணத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தாயே, சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த அறுப்புக்கு அவள் கூவியபோது அக்கரையிலிருந்து பதில் கூவல் வரவில்லை. ஊரை விட்டுத் தள்ளி வைக்க அதைவிட வேறொன்றும் தேவையில்லை. பாதிச் சாமை காட்டிலேயே கொட்டிப் போயிற்று. அதற்குப் பிறகு அவள் பாறைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். செவலையும் கூப்பிடாமலே வீடு வரப் பழகிக்கொண்டது.

பேசாமல் இல்லை, பேசினாள். எல்லாம் ஒரே மட்டத்தில் வந்தது. மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் அவளிடம் கடுக்காய் வாங்கும் அப்துல் சலாம் நல்ல மனிதர். "ஏம்மா, நீ கேக்கறியா, சொல்றியா, கோவமா இருக்கியா? ஒண்ணும் பிடிபடலையே" என்றார். "கேக்கறேனுங்க" என்றாள். அதுவும் அவருக்கு அதட்டுவது போலத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று உப்பை ஒரு கை கூடவே போட்டுக் கொடுத்தார். அது இரக்கமா பயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. நாளைக்கு அவளே செத்துக் கிடந்தாலும் கூவிச் சொல்ல ஆளில்லை. சுமையை இறக்கி வைத்துத் திரும்பும் வழியில் அதை நினைத்தாள். அதற்கும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அடுத்த அறுப்புக் காலத்தில் ஒரு பிற்பகல் செவலை வரவில்லை. செங்கோட்டையன் கன்றிலிருந்து வளர்த்த பசு அது. மஞ்சு இறங்கிக் கண்ணை மறைத்துவிட்டால் எங்கே போய்த் தேடுவது? வேறு வழியில்லாமல் கண்ணாயி பாறையில் ஏறினாள். வெகு நாள் கழித்து வாயைத் திறந்து, "செவலே!" என்று கூவினாள்.

குரல் உச்சியில் தொடங்கியது. தொடங்கியது நீண்டுகொண்டே போயிற்று. சொல் தீர்ந்துபோன பிறகும் குரல் தீரவில்லை. மெல்ல இறங்கி, நடுங்கி, உடைந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கியது. பாறைக்குக் கீழே செவலை வந்து நின்று அவளையே பார்த்தது. அதைக் கண்ட பிறகும் குரல் நிற்கவில்லை.

அக்கரைக் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தவர்கள் கோலைக் கீழே போட்டார்கள். என்ன ஏது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆணும் பெண்ணுமாகச் சரிவில் இறங்கி ஓடினார்கள். இருட்டுவதற்குள் செல்லமுத்து முதல் ஆளாக ஏறி வந்தான். தலையில் துண்டு இல்லை. எங்கோ விழுந்து முட்டி சிராய்த்திருந்தது. வீட்டுக்குள் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான். பிணம் எதையும் காணோம். செவலை அசை போட்டுக்கொண்டிருந்தது.

"யாருங்க நங்கை? யாரு போய்ட்டாங்க?"

கண்ணாயி பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள். முகமும் கழுத்தும் நனைந்திருந்தன.

"உங்க அண்ணன் செத்துட்டாருங்க தம்பி" என்றாள்.

போன வருஷத்துச் சாவு. செல்லமுத்து அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவளுக்குக் கீழே பாறையில் உட்கார்ந்தான்.

"கேட்டுதுங்க நங்கை" என்றான். "இப்பத்தான் கேட்டுது."

பின்னால் ஏறி வந்த பெண்கள், புதுச் சாவுக்கு உட்காருவது போலவே அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.