பானையில் காது வைத்தவர்

போட்டாதாங் துறைமுகப் பேட்டையில் என் அடுத்த அறையில் மூட்டை தூக்கும் ஒருவர் இருந்தார். மஞ்சள் பாய்ந்த கண், நடுங்கும் கை. சாராயத்தை விடாவிட்டால் சாவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரேயடியாக விட முடியாமல், முளைகட்டிய பார்லியில் கசப்பில்லாத இளம் பீர் போடப் பழகினார். வேலை விட்டு வந்ததும் பானையில் காது வைத்து நுரை பொங்குவதைக் கேட்பார்.

“ஞாயித்துக்கிழமை பக்குவமாயிடும் அண்ணே. அதுவரைக்கும் ஒரு சொட்டு சாராயம் தொடமாட்டேன்.”

“சுவருக்கு இந்தப் பக்கம் முருகன் படம் இருக்கு, புளிச்ச வாடை இங்க வரைக்கும் அடிக்குது, தெரியுமில்ல?”

“அவருக்கு மூக்கடைப்புன்னு நினைச்சுக்குங்க!”

நான் சஷ்டி விரதத்தில் இருந்தேன். சனிக்கிழமை, அவர் இல்லாத நேரம், பானையைச் சாக்கடையில் கவிழ்த்தேன். புண்ணியம் என்றுதான் நினைத்தேன்.

வந்து பார்த்தவர், “நல்லதுக்குத்தானே செஞ்சீங்க” என்று சொல்லிவிட்டுச் சாராயக்கடைக்குப் போனார். பத்தாம் நாள் அவரைப் பாடையில் தூக்கினோம்.

அவர் என்னை ஏன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்று இன்றும் முருகனைக் கேட்கிறேன்.