எதிர்க் கடைக்கு என் ஜாமீன்

தியாகதுருகத்தில் கள்ளக்குறிச்சி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தேன். கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு அடுப்பு, நாலு தட்டு. கரும்பு வெட்டப் போகிறவர்கள் முதல் பஸ் வருவதற்குள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் செத்த பிறகு பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான்.

மகளிர் குழுவில் கடன் எடுத்து கிரைண்டர் வாங்கினேன். முதலில் நன்றாகத்தான் ஓடியது, பொய் சொல்லக் கூடாது. ஆட்டுக்கல்லை விட்டுக் கை பிழைத்தது. அதைத் தெருவே பார்த்தது.

ஒருத்தி கடன் எடுத்தால் குழுவே அதற்கு ஜாமீன். அதே குழுவில் இருந்த பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"அக்கா, நீ கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்களாம்."

"இன்னா தொழில் பண்ணப் போற?"

"இட்லி வண்டிதான். எனக்கு வேற இன்னா தெரியும்?"

மாட்டேன் என்றால் நாளை எனக்கு அவள் போட மாட்டாள். போட்டுத் தொலைத்தேன். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதுதான்.

அவள் வண்டி எனக்கு நேர் எதிரே வந்து நின்றது. தின்கிறவர்கள் பழைய ஆட்களேதான், பாதிப் பேர் அங்கே போனார்கள். அவள் விலையைக் குறைத்தாள், நானும் குறைத்தேன். மீந்து புளித்த மாவைப் பார்த்தால் வயிறு எரியும். அவளுக்கும் எரிந்திருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமைதோறும் குழுக் கூட்டத்தில் கட்டும் தவணை மட்டும் குறையவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கூட்டத்துக்கு வரவில்லை. குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாளாம்.

"குழுதான் கட்டணும்க்கா. கட்டாம யாரும் வூட்டுக்குப் போகாதீங்க" என்றார் வசூலுக்கு வரும் தம்பி.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "அவ போனா உனக்குத்தான வியாபாரம் ஜாஸ்தி? நீயே ஜாஸ்தி போடு" என்றாள் ஒருத்தி. ஒரே குழுவில் இத்தனை நாள் தோளோடு தோள் உட்கார்ந்தவள். அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

என் தவணையும் அவள் தவணையுமாகச் சில மாதம் கட்டினேன். பிறகு கிரைண்டரையும் வண்டியையும் விற்றேன். வாங்கியவள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவள். அதற்கு அவள் எடுத்த கடனுக்கும் நான் ஜாமீன்.

இப்போது நான் கரும்பு வெட்டப் போகிறேன். வீட்டில் பழைய சோறு இருந்தாலும், பஸ் ஏறும் முன் அவளிடம் இரண்டு இட்லி வாங்கித் தின்கிறேன். அவள் கடை நின்றுபோனால் அதுவும் என் தலையில்தான் விழும்.