கவிழ்த்து வைத்த கிண்ணம்

இடது கை குழிந்த இரும்புக் கிண்ணத்தைப் பிடித்திருக்க, வலது கை கண்ணாடி வில்லையை அதனுள் எட்டு போடுவதுபோலச் சுழற்றுகிறது. வில்லைக்கும் இரும்புக்கும் நடுவே கண்ணாடியைத் தேய்க்கும் குருந்தப் பொடி. அது காய்ந்தால் வில்லை கீறிப்போகும். எட்டு வருடமாகத் தண்ணீர் விட்டு நனைத்த கை. இன்று பக்கத்தில் தண்ணீர்க் குவளை இல்லை. அவள் குனிந்து, கன்னத்தில் வழிவதை அப்படியே கிண்ணத்தில் விழ விடுகிறாள்.

தெருவுக்கு அவள் கண்ணாடிக்காரம்மா. கணவர் போய்ச் சேர்ந்தபின், அவர் விட்டுப்போன வில்லைகளைக் கீறியும் உடைத்தும் தானாகவே தொழிலைப் பிடித்துக்கொண்டவள். "அவசரம்னா நாளைக்கு வாங்க. ரொம்ப அவசரம்னா அடுத்த வாரம் வாங்க" என்பாள். எதிர்க்கடைத் தையல்காரர், "அக்கா, மாமியார் மட்டும் கண்ணுல படாத மாதிரி ஒரு கண்ணாடி போடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்று மாதமாக அவரும் கேட்பதில்லை.

கணவர் சொல்லிவிட்டுப் போன கட்டுப்பாடு ஒன்று உண்டு: சாவு விழுந்த வீட்டில் நாற்பது நாள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கண்ணீர் பட்டுத் தேய்ந்த வில்லை இறந்தவரைக் காட்டும். பதிலுக்கு, உயிரோடு இருப்பவர்களை மறைத்துவிடும். கழற்றி எறிந்தாலும் அவர்கள் திரும்பத் தெரிய மாட்டார்கள்.

ஒன்பது வயது மகன் காய்ச்சலில் போன பதினோராம் நாள், பதினேழு வயது மகள் கிண்ணத்தை நிமிர்த்தினாள். தொடாதே என்றால் தொட்டுவிட்டுத்தான் ஏன் என்று கேட்கிறவள். சந்தைக்குப் போயிருந்த தாய் திரும்பியபோது, மகள் புதுக் கண்ணாடியோடு காலிக் கட்டிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"அம்மா? எங்க இருக்கே? குரல் மட்டும் வருது."

அன்றிலிருந்து மகளுக்குச் சுவர் தெரிகிறது, நாற்காலி தெரிகிறது, தம்பி தெரிகிறான். தாய் கொண்டுவரும் சாப்பாட்டுத் தட்டு காற்றில் மிதந்து வருகிறது.

"பேசுறானாடி?"

"இல்லம்மா. கதவுகிட்டயே நிக்கிறான். நேத்து கைய நீட்டினான்."

"நீ புடிச்சிடாத."

"ஒண்டியா எப்படிம்மா போவான்? இருட்டுன்னா அவனுக்குப் பயம். இன்னொரு தடவை நீட்டினா போயிடுவேன்."

மாற்று ஒன்றுதான் இருந்தது. அதே இறந்தவனுக்காக வேறொருவர் அழும் கண்ணீரில் இன்னொரு ஜோடி தேய்க்க வேண்டும். அதைப் போட்டால் இறந்தவன் மறைந்து, இருப்பவர்கள் திரும்பத் தெரிவார்கள். ஆனால் அழுகிறவருக்கு, ஒவ்வொரு சொட்டோடும் அவனைப் பற்றிய நினைவு ஒன்று பொடியோடு பொடியாகக் கரைந்துவிடும். மகளிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். இந்த ஒரு விஷயத்தில் தாய் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

எதை எப்போது விடுவது என்று வரிசை வைத்துக்கொண்டாள். முரட்டுப் பொடிக்கு ஆஸ்பத்திரி நாட்கள், கொதித்த நெற்றி. அவை போனதில் வருத்தமில்லை. அடுத்த பொடிக்கு முதல் நடை, விழுந்த பல், பொத்தான் மாறிய பள்ளிச் சட்டை. நடுவில் யாருக்காக அழுகிறோம் என்று குழம்பும்போதெல்லாம் மேசைமேல் இருந்த அவனுடைய பென்சில் டப்பாவைப் பார்த்தாள். மூடியில் ஆணியால் கீறிய கார், மூன்றே சக்கரம். "நாலாவதுக்கு இடமில்லம்மா" என்று சொல்லியிருந்தான். மெருகு போடும்போது அதுவும் போயிற்று.

முகத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் வில்லையைப் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் மயிரிழை அளவு மங்கல். வேறு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இதுவே போதாதா என்று ஒரு கணம் நினைத்தாள்.

உள்ளறையில் நாற்காலி நகர்ந்தது. "சரிடா, இதோ வரேன்" என்றாள் மகள்.

தாய் சட்டென்று குனிந்து, வைத்திருந்த முகத்தையும் கிண்ணத்தில் விழ விட்டாள்.

மங்கல் போய்விட்டது. பிரேமில் மாட்டி, திருகாணியை இறுக்கி, துணியால் துடைத்தாள். போட்டுக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டுமே. மேசைமேல் ஒரு டப்பா கிடந்தது, மூடியில் மூன்று சக்கரக் கார் ஒன்றோடு. எந்த வாடிக்கையாளரின் பிள்ளை விட்டுப் போனதோ.

கண்ணாடியை அதில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். மகள் கதவருகே கையை நீட்டி நின்றாள். அந்தக் கையில் தாய் டப்பாவை வைத்து அழுத்தினாள்.

"இந்தாடி, போட்டுப் பாரு. டப்பா யாரோடதுன்னு தெரியல. அளவாத்தான் இருக்கு."