ஆரணி பஸ் நிலையத்தில் காது கேளாதவன் ஆனது

ஐம்பதைத் தாண்டிய, நாலு புத்தகம் படித்த, மைக் கிடைத்தால் விடாத ஒரு மனிதன், ஒரு கூடைக் கொய்யாவுக்குப் பயந்து காது கேளாதவனாக நடித்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். நான்தான் நடித்தேன். ஆரணி பஸ் நிலையத்தில், பட்டப்பகலில்.

உறவில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வந்திருந்தேன். இறங்கியதிலிருந்து பட்டுக்கடைத் தரகர்கள் விடவில்லை. "லூம் ரேட்டு சார், வாங்க வேணாம், சும்மா வந்து பாருங்க" என்று ஒருவர் டீக்கடை வரை வந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். "வேண்டாம்" என்றால் "ஏன் சார் வேணாம்?" என்கிறார்கள். படித்த தத்துவம் எதுவும் இதற்கு உதவவில்லை. வாயைத் திறந்தால்தானே வம்பு என்ற ஞானம், திரும்பிப் போக சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பிறந்தது.

கொய்யாக் கூடையோடு ஓர் அம்மாள் ஏறினார். "மொளகாத்தூள் போட்டுத் தரட்டா சார்?"

காதைத் தொட்டேன், வாயைத் தொட்டேன், கையை விரித்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. பின்னாலேயே ஏறிய வேர்க்கடலைக்காரரிடம், "யோவ், அவருக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. பேஜார் பண்ணாத, போ" என்று அதட்டினார். காலையிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாதுகாப்பு. ஒரு கொய்யாத் துண்டை இனாமாக என் கையில் திணித்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

பஸ் கிளம்ப நேரமிருந்தது. பக்கத்து இருக்கையில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் போன் அடித்தது.

"சொல்லுடா. உங்கப்பா முழிச்சிகினாரா? த பாரு, கேட்டா கட்டு போட்டிருக்குதுன்னு மட்டும் சொல்லு. போர்வைய எடுக்க உடாத. கால எடுத்துட்டாங்கன்னு நீ வாயத் தொறக்காத. கைநாட்டு வச்சவ நானு, நானே வந்து சொல்லிக்கிறேன். வேலூர் பஸ்ஸ புடிச்சி வரேன்டா. வித்துகினுதான கீறேன்? பழம் கெட்டுப்பூடும்ல."

கூடையில் பழம் அதிகம் இல்லை. எதிரே நின்ற வேலூர் பஸ், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பஸ், ஹாரன் அடித்துப் புறப்பட்டது. அது வளைந்து வெளியே போகும்வரை பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னார். "சக்கர வியாதி. வெரல மட்டுந்தான் எடுப்பாங்கன்னு அவராண்ட சொல்லி படுக்க வச்சேன்பா. உள்ள போனப்புறம் முட்டி வரிக்கும் எடுக்கணும், இல்லன்னா உசிருக்கு ஆகாதுன்னுட்டாங்க. அவரக் கேக்காமயே கைநாட்டு வச்சிட்டேன். தப்பாப்பா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். தப்பில்லை என்று எந்த ஆளும் சொல்லிவிடக்கூடிய ஒரே ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. நான் மறுபடியும் காதைத் தொட்டுக் காட்டினேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். விசில் கேட்டதும் இறங்கி, அடுத்து நின்ற களம்பூர் பஸ்ஸில் ஏறினார்.

ஊரைத் தாண்டியதும், நான் சைகை காட்டியதைப் படியில் நின்று பார்த்திருந்த கண்டக்டர் வந்தார். சேத்துப்பட்டு என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் ஆச்சரியப்படுவார், நானும் கூனிக்குறுகி விளக்கம் சொல்வேன் என்று தயாராக இருந்தேன். அவர் டிக்கெட்டைக் கிழித்தார்.

"அந்தம்மா ஏறினா பாதி பஸ்ஸுக்குக் காது கேக்காம பூடும் சார். அது அவங்களுக்கும் தெரியும். சில்லறையா குடுங்க."