கொள்ளுத்தாத்தாவுக்கு இறைத்த எள்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையப் பாருய்யா" என்று எழுந்து போகிற ஆள் நான். வருஷம் தவறாமல் ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதுகூட அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்வது எனக்கே வேடிக்கைதான், நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன்.

மஸ்கட்டில், ரூவியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. எங்கள் மேனேஜர் ரூத் மேடம் அமெரிக்கக்காரர். அவருடைய முன்னோர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அயோவா பக்கம் ஏதோ பட்டிக்காட்டில் சோளம் விதைத்தவர்கள். பழைய கையெழுத்துக் காகிதங்களின் நகலைப் பார்த்து அவர்களுடைய வம்சாவளியை நான்தான் டைப் செய்து கொடுத்தேன். அதில் ஒரு தம்பதிக்கு எட்டுப் பிள்ளைகள். ஏழு பேருக்குப் பெயர் இருந்தது. எட்டாவதற்கு 'பெண் குழந்தை, இறந்தது' என்று மட்டும். பெயரும் இல்லை, புதைத்த இடமும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்து ஒரு கல்லாவது வைக்கச் சொல்லிவிட்டுத்தான் மேடத்தின் அம்மா கண்ணை மூடினாராம். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் மேடத்தின் முகம் வாடிவிடும், எனக்கும் பாவமாக இருக்கும்.

ஆடி அமாவாசை வந்தது. காலையில் டூட்டிக்குப் போகும் முன் ரூம் பால்கனியில் தாம்பாளத்தை வைத்து உட்கார்ந்தேன். அப்பா பெயரைச் சொல்லி இறைத்தேன். தாத்தா பெயரைச் சொல்லி இறைத்தேன். மூன்றாவது கொள்ளுத்தாத்தா. வாயைத் திறந்தால் "பெர்மிலியா" என்று வருகிறது, தண்ணீரும் விழுந்துவிட்டது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரூம்மேட், யாழ்ப்பாணத்துக்காரர், திரும்பிப் பார்த்தார்.

"ஆரண்ணை அது பெர்மிலியா? உங்கட சொந்தக்காரரோ?"

எனக்கே தெரியாத பெயர். மறுபடி சரியாக இறைக்கலாம் என்றால் எள் தீர்ந்துவிட்டது. கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. அப்படியே எழுந்து ஓடினேன்.

மேடம் வீட்டுப் பெயராக இருக்குமோ என்று அலுவலகத்தில் எல்லா நகலையும் புரட்டினேன். நம்பினால் நம்புங்கள், அந்தப் பெயர் ஒன்றில்கூட இல்லை. கூச்சத்தோடு மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போனவர் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். இத்தனை நாள் அந்தக் குழந்தையின் அப்பா வழிக் கல்லறைகளிலேயே தேடியிருக்கிறார்கள். இந்தப் பெயரை வைத்துத் தேடியதில் அவளுடைய அம்மா வழிச் சர்ச் பதிவேட்டில் இருந்ததாம். அந்தச் சர்ச் கல்லறையில் புல்லுக்குள் கவிழ்ந்து கிடந்த சின்னக் கல்லைப் புரட்டியிருக்கிறார்கள். பெர்மிலியா, வயது இரண்டு. மேடம் போனில் அழுதார். ஒரு நல்ல காரியம் நடந்தது, கலாஸ், முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறு வருஷம் அதே பால்கனி, அதே தாம்பாளம். அப்பா, தாத்தா ஆயிற்று. மூன்றாவதற்குக் கை நிறைய எள்ளோடு உட்கார்ந்திருக்கிறேன், கொள்ளுத்தாத்தா பெயர் வரவில்லை. இருபது வருஷமாகச் சொன்ன பெயர், முதல் எழுத்துகூட நினைவில்லை. ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்கதான வருஷா வருஷம் சொல்லுவீங்க!"

பத்திரம், பட்டா எல்லாம் தேடச் சொன்னேன். தாத்தாவோடு நின்றுவிடுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியவர்களும் யாரும் இல்லை.

இப்போதும் ஆடி அமாவாசைக்கு உட்காருகிறேன். மூன்றாவது கை எள்ளை எடுத்ததும் வாயில் வருவது அந்தப் பிள்ளையின் பெயர்தான், அவளுக்கே இறைத்துவிட்டு எழுந்து வருகிறேன். என் கொள்ளுத்தாத்தாவை நான் தொலைத்துவிட்டேன்.